மௌத்து வீட்டுக் கதிரைக்குக் கூலி இல்லை

மகன்,

ஸலாம். நீ கொழும்புக்குப் பஸ் ஏறிய அன்று கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கதைத்தால் உன் உம்மா பக்கத்தில் நின்று பாதியை அவவே சொல்லி முடித்துவிடுவா. வொய்ஸ் அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பாய் என்று தங்கச்சி காட்டிக்கொடுத்துவிட்டாள். அதில் என் குரல் அணில் கத்துவது போல இருக்குமாம். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்த மனிசன் எழுதுவது, எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். ஆனால் மெதுவாக வாசி.

லீவுக்கு வந்திருந்தபோது ஒரு மழை நாளில், பகல் சோறு தின்றுவிட்டு, அந்த ஆவணப்படத்தை டீவியில் போட்டுக் காட்டினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். தூர நாடு ஒன்று. பேரை இரண்டு தரம் சொன்னாய், என் நாக்கில் நிற்கவில்லை. அரசியல் கலவரத்தில் ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கொன்ற ஒரு கிழவன். அவன் மேல் இன்றுவரை ஒரு வழக்கும் இல்லை. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எப்படிச் செய்தேன் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டுகிறான். கூட இருந்த இன்னொரு கிழவன், “இல்லை, அன்றைக்கு மழை பெய்யவில்லை” என்று திருத்துகிறான். இரண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம் வந்துவிட்டது. செய்த காரியத்தைப் பற்றி இல்லை, மழையைப் பற்றி. கேமராவுக்குப் பின்னால் நின்ற பெடியன் “உங்களுக்கு நித்திரை வருமா?” என்று கேட்க, கிழவன் வயிற்றைத் தடவி, “வாயுதான் பெரிய கரைச்சல்” என்கிறான். நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய். அந்த இடத்தில் நான் சிரித்தேன்.

நீ படத்தை நிறுத்தினாய்.

“வாப்பா, நீங்க சிரிச்சீங்களா?”

“எனக்கும் வாயு இரிக்கே, மனே.”

“கச்சான் வேற திண்டுக்கிட்டு இரிக்கீங்க.”

குசினிக்குள் இருந்து உன் உம்மா: “கச்சான் திண்டா வாயு வராம பின்ன என்ன வரும்?”

நீ சிரிக்கவில்லை. “உங்களுக்கு ஒண்டுமே ஆகல்லியா?” என்று கேட்டாய். நான் கச்சான் கடலைக் கோதை பேப்பரில் மடித்துக்கொண்டு, “அவன் இருக்கிற கதிரையப் பாரு, நம்மட கதிரை மாதிரியே இரிக்கி” என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு லுங்கியோடு கூட்டிப்போன நாளில் கூட அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை சரிதான். ஆனால் நீ நினைத்த காரணத்துக்காக இல்லை. படம் விளங்காததால் நான் கச்சான் தின்னவில்லை. அந்தப் படத்தை நான் முன்னமே பார்த்திருந்தேன். டீவி இல்லாமல், கரண்ட் இல்லாமல், நம்முடைய கதிரை ஸ்டோருக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில்.

மறுநாள் உன்னைப் பஸ்ஸில் ஏற்ற வந்தேன். வழியில் நீ இஸ்மாலெவ்வை காக்காவின் சைக்கிள் கடையில் நின்றாய். அவர் கைத்துணியில் கிரீஸைத் துடைத்துவிட்டு உன் தலையில் கை வைத்து துஆ ஓதினார். “வெளிநாடு போய்ப் படிச்சிட்டு வந்து எங்களையும் ஒரு படம் எடு வாப்பா” என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், எனக்கு வேறு தொழில் தெரியாதே. பிறகு பஸ் நிலையத்தில், நான் உன் பேக்கின் வாரை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டாய்: “நம்மட ஊர்லயும் அப்பிடிச் செஞ்ச ஆக்கள் இரிக்காங்களா வாப்பா? உசிரோட? கதைக்கக்கூடிய ஆக்கள்?”

“இல்ல மனே. நம்மட ஊர்ல எல்லாரும் அடி வாங்கின ஆக்கள்தான்.”

நீ தலையாட்டிவிட்டு ஏறினாய். நான் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல விடு, அப்போதுதான் தெரியாதது விளங்கும். நம்முடைய வாடகைத் தொழில்: கதிரை, பந்தல், லைட், ஸ்பீக்கர். கல்முனையில் கலியாணம் முடித்தவர்களில் பாதிப் பேர் என் கதிரையில் உட்கார்ந்துதான் முடித்தார்கள். மீதிப் பேர் என் போட்டிக்காரனின் கதிரையில் உட்கார்ந்ததால் இன்றும் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். கலியாணத்துக்குக் கூலி உண்டு, கூட்டத்துக்கு உண்டு, தேர்தல் மேடைக்கு முற்பணம் வாங்காமல் ஒரு கதிரை வெளியே போகாது. மௌத்து வீட்டுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு, மட்டும் கூலி இல்லை. உன் மூத்தவாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். யார் மௌத்தானாலும், என்னோடு கதைக்காதவன் மௌத்தானாலும், கேட்பதற்கு முன் கதிரை போய் இறங்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் பெருமையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதுவும் நான் தொடங்கியதில்லை.

லைட்டும் ஸ்பீக்கரும் அந்தோனியின் பொறுப்பு. சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவான். நீ பிறக்க முன்னமே என்னிடம் சேர்ந்தவன். அவனை உனக்கு அந்தோனி மாமா என்றுதான் தெரியும். கோமாரியில் ஒரு கலியாணத்தில் கடற்காற்று பந்தலைத் தூக்கியபோது, ஒரு கயிற்றில் அவனும் மறு கயிற்றில் நானும் தொங்கிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்த்துக் கைதட்டியதை நூறு தரம் சொல்லியிருக்கிறேன். காற்று நின்று கீழே இறங்கியதும் அந்தோனி சொன்னான்: “முதலாளி, பந்தலுக்குக் கூலி வாங்கினீங்க, பட்டத்துக்கும் சேத்து வாங்குங்க.” அப்படி ஆள். அவனிடம் எனக்கு விளங்காத கிறுக்குத்தனம் ஒன்றே ஒன்று. சைக்கிள் காற்றுப் போனால், பக்கத்திலேயே இருக்கும் காக்காவின் கடையில் டியூப் ஒட்டமாட்டான். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போய் அங்கே ஒட்டிக்கொண்டு வருவான். நான் ஸ்டோர் வாசலில் நின்று கத்துவேன்: “என்னடா அந்தோனி, சைக்கிளுக்குக் கால் வலிக்குதா, நீ கூட்டிட்டுப் போறாய்?” அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். கஞ்சத்தனம், மார்க்கெட்டில் யாரோ சொந்தக்காரன் சும்மா ஒட்டிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். எத்தனை வருசம் அந்தப் பகிடியை விட்டிருப்பேன் என்று எண்ண விருப்பமில்லை.

இனி காக்கா, ஊருக்கே அண்ணன் முறை. உனக்குச் சைக்கிள் பழக்கியது அவர். நான் பழக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்வேன், ஆனால் நான் பிடித்த அன்று நீயும் சைக்கிளும் வாய்க்காலுக்குள், நான் கரையில். காக்காதான் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார், எப்போது கையை விட்டார் என்று நீ அறியவில்லை. உன் சைக்கிளுக்கு அந்தப் பித்தளை மணியைப் பூட்டிவிட்டு காசு வாங்கவில்லை. இப்போது கொழும்பு அறையில் அதை மேசையில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். இதை எழுதும்போது அந்த மணிதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. எடுத்து எறி என்று சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லத் தெரியவில்லை.

பிரச்சினை நேரம் என்று நாங்கள் சொல்லும் அந்த நாட்களில், நம்முடைய ஆட்கள் வயலுக்குப் போய், தமிழ் இயக்கக்காரர் கையில் அகப்பட்டு, மையித்தாக வந்தார்கள். என் மாமாவும் அதில் ஒருவர். நெல் சாக்கால் மூடித்தான் கொண்டு வந்தார்கள். இது உனக்குத் தெரியும், வீட்டில் கதைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வீட்டில் கதைப்பதில்லை. மேற்கே அறுவடை வெட்டுக்குப் போன தமிழ் ஆட்கள் ஒரு பின்னேரம் மெஷின் பெட்டியில், டிராக்டர் இழுக்கிற பெட்டியில், திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நம்முடைய பெடியன்கள் கொஞ்சப் பேர் மெஷினை மறித்தார்கள். பொம்பிளைகளைப் போகவிட்டு, நாலைந்து ஆம்பிளைகளை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. மறித்தவர்களில் ஒருவர் இஸ்மாலெவ்வை காக்கா. ஒருவர் என்பதும் சரியில்லை. அவர்தான் முன்னால் நின்றவர்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவரே சொன்னார். ஒளித்து மறைத்து, அழுது இல்லை. கடையில், பிளேன்டீ வந்து சேரும் நேரம், டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே சொல்வார். சொல்லச் சொல்லக் கதை நல்லாக வந்தது. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே காற்றுப் பம்பைத் தூக்கிக் காட்டுவது எல்லாம் பழகிவிட்டது. எந்த இடம், எந்த மதகு, எந்த மருத மரத்தடி, எல்லாம் கதையில் வரும். யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால், “காக்கா, அந்த மெஷின் கதயச் சொல்லுங்க” என்று நாங்களே கேட்போம். நாங்களே என்றால் நானும்.

அதில் ஒரு இடம் உண்டு. அங்கேதான் எல்லாரும் சிரிப்பார்கள். பெட்டியிலிருந்து இறக்கியவர்களில் ஒரு வயசாளி. அவருக்கு என்ன நடக்கப் போகிறதென்று விளங்கவில்லையோ, விளங்கித்தானோ, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, “தம்பி, மத்தச் செருப்பக் காணல்ல, பெட்டிக்குள்ள கிடக்கும், எடுத்துட்டு வரட்டா?” என்று கேட்டாராம். காக்கா அந்தக் குரலை அப்படியே எடுப்பார். ஒற்றைக் காலில் நின்று காட்டுவார். டீக் கோப்பை கையில் ஆடும் அளவுக்குச் சிரித்தோம். எனக்கு அப்போது உன் வயசு. மாமாவை அடக்கி அதிக நாள் ஆகவில்லை, அதனால் என்று ஒரு காரணம் சொல்லலாம். முதல் தரத்துக்கு அந்தக் காரணம் போதும். பிறகு சிரித்ததற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. அது கதையாகிவிட்டது, அவ்வளவுதான். பேய்க் கதை, களவு பிடித்த கதை போல ஒரு கதை.

சீனி வருத்தம் வந்த பிறகு கிளினிக்கில் டாக்டர் என் பாதத்தை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, “தெரியுதா? இங்க தெரியுதா?” என்று கேட்பார். தெரியாத இடத்திலும் தெரியுது என்று சொல்லிவிட்டு வருவேன், ஏசுவார் என்ற பயத்தில். உன் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. நீ கேட்கிறாய், தெரியுதா என்று. எனக்குத் தெரியவில்லை, மகன். கச்சான் ருசியாகத்தான் இருந்தது.

ஒரு தரம் சாகாமத்தில் கலியாண வேலை. விடியக் காலை வயல் நடுவே பந்தல் போட்டுவிட்டு நானும் அந்தோனியும் லொறி நிழலில் இருந்தோம். வரம்பில் யாரோ பழஞ்செருப்பு ஒன்று எறிந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்: “எங்கட அப்பாட ஒத்தச் செருப்பு வீட்ட இரிந்திச்சு முதலாளி. வெட்டுக்குப் போனவர் வரல்ல. மெஷின் பெட்டிக்குள்ள அது மட்டும் கிடந்ததாம். அம்மா சாகும் மட்டும் அத அரிசிப் பெட்டிக்குப் பின்னால வச்சிருந்தா.” நான், “அல்லாஹ் காப்பாத்தணும்” என்றோ என்னமோ சொன்னேன். பிறகு வயர் போதுமா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று நீ கேட்டால், உண்மையைச் சொல்கிறேன்: வயர் போதுமா என்றுதான் தோன்றியது. அவன் அப்பாவைத் தேடி மையித்துக் கூட இல்லாமல் இருக்கிறான், மருத மரத்தடி எனக்குத் தெரியும். அது வாய்க்கும் மனசுக்கும் நடுவில் எங்கோ போய்க் கிடந்துவிட்டது. சொன்னால் காக்காவுக்கு என்ன ஆகும், ஊருக்கு என்ன ஆகும், மறுகா இரண்டு பக்கமும் தீப்பிடிக்குமா என்றெல்லாம் பிறகு யோசித்தேன். அதெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் முதலில் வந்தது அந்தக் காரணங்கள் இல்லை. முதலில் ஒன்றுமே வரவில்லை.

நீ போய்க் கொஞ்ச நாளில் காக்கா மௌத்தானார். போனில் சொன்னபோது நீ அழுதாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. நல்ல மௌத்து என்று ஊர் சொன்னது. கேட்பதற்கு முன் கதிரை இறக்கினோம். அந்தோனி வந்தான். முற்றத்தில் பந்தல் கட்டினான். மையித்து வைத்திருந்த அறைக்குள் வெளிச்சம் போதாது என்று காக்காவின் மகன் சொல்ல, அவனே உள்ளே போய் கட்டிலுக்கு மேலே பல்ப் போட்டான். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஸ்டூலில் ஏறி, பல்பைத் திருகி, எரிகிறதா என்று பார்த்து, இறங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கீழே ஒரு தரமும் பார்க்கவில்லை. கவனமாக வேலை செய்கிறான் என்று நினைத்தேன்.

பள்ளியில் சனம் நிறைந்து வெளி மதில் வரை நின்றது. அதனால் வெளியே ஸ்பீக்கர் போடச் சொன்னார்கள், அதையும் அவன்தான் பூட்டினான். எல்லா ஊரிலும் இல்லை, எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகை முடிந்ததும் தொழுவித்த ஹஸ்ரத் சனத்தைப் பார்த்துக் கேட்பார்: “இந்த மையித்தப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?” எல்லாரும் ஒரே குரலில், “நல்லவர்” என்போம். மூன்று தரம். சாட்சி என்று வை. நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கதிரையை உடைத்துவிட்டு வேலி மேல் பழி போட்டவனுக்குக் கூட. அன்றைக்கும் கேட்டார். என் வாய் திறந்தது. “நல்லவர்.” இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன். உனக்குப் பெரிய விசயம் ஒன்றைச் சொல்லுவேன், தொண்டை அடைத்தது, கால் நடுங்கியது என்று எழுதுவேன் என்று எதிர்பார்ப்பாய். ஒன்றும் நடக்கவில்லை. கொட்டாவி வந்தது.

அடக்கிவிட்டு வந்து, பின்னேரம் அஸருக்குப் பிறகு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் எடுத்துக் கொடுக்க, அவன் லொறியில் அடுக்குகிறான். சனம் போய்விட்டது. அந்தோனி கையை நிறுத்தாமல் கேட்டான்:

“முதலாளி, நல்லவரெண்டு நீங்களும் சொன்னீங்களா?”

“என்னடா?”

“ஸ்பீக்கர்ல கேட்டிச்சு. மூணு தரம். சனத்துக்குள்ள உங்கட குரலத் தேடினேன், பிடிபடல்ல.”

நான் ஒரு கதிரையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். “சொன்னேன்” என்றேன்.

“ஓம். சொல்லத்தானே வேணும்.” கதிரையை என் கையிலிருந்து வாங்கினான். “எனக்கு ஆளத் தெரியும் முதலாளி. வந்த முதல் வருசமே தெரியும். பெட்டியில இரிந்து தப்பி வந்த மாமி அடையாளம் சொல்லித்தான் விட்டவ. அதுதானே அந்தக் கடையில நான் ஒரு நாளும் ஒட்டப் போகல்ல.”

மகன், அப்போதுதான் வெயிலில் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது எனக்கு முன்னால் வந்தது. ஸ்டோர் வாசலில் நின்று நான் கத்துவதும் வந்தது.

“இத்தின வருசமும் எப்பிடிடா இங்க வேல செஞ்ச?”

“வேல உங்களுக்கிட்டத்தானே.” பிறகு லொறியிலிருந்து குனிந்து, வயர் எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது போலத்தான் கேட்டான்: “அவரு உங்களோடயெல்லாம் கதைக்கிறவரு. எங்க கொண்டு போனதெண்டு எப்பயாச்சும் சொன்னாரா?”

இல்லை என்று சொல்ல எனக்குப் பழக்கம் இருந்தது. பஸ் நிலையத்தில் உனக்குச் சொன்னேன், நல்ல லேசாக வந்தது. அதே சொல் நாக்கு நுனியில் நின்றது. காக்காவின் பொஞ்சாதி வெளியே முகம் காட்டாமல் உள்ளே இத்தா இருக்கிறா. அவருடைய மகன்மார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு இப்போதுதான் போனார்கள். பள்ளி நிர்வாகத்து மரைக்கார் நாளைக்கு என் ஸ்டோருக்கு முன்னால்தான் போவார். அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்:

“சொன்னாரு.”

அவன் லொறியிலிருந்து இறங்கினான். நான் இடத்தைச் சொன்னேன். அந்த இடத்தின் பேரை இதில் எழுதமாட்டேன், அது அவனுக்குச் சொன்னது. அவன் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, “மதகுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டான். சொன்னேன். “நான் அதால எத்தின தரம் போயிரிக்கன்” என்றான். மறுகா ஏறி மிச்சக் கதிரைகளை அடுக்கினான். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து மரித்தோர் நாள் வந்தது. அன்றைக்கு அந்தோனியின் ஊரில் எல்லாரும் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்தோனிக்குக் கல்லறை இல்லாததால் வருசா வருசம் பெரிய சிலுவையடியில் கொளுத்துவானாம். இந்த முறை பின்னேரம் என் ஸ்டோருக்கு வந்து, “நீங்களும் வாறீங்களா முதலாளி, இடத்தக் காட்ட ஆள் வேணும்” என்றான். லொறியில் போனோம். மருத மரம் நிற்கிறது. அடியில் யாரோ விதைத்து, பயிர் விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. தோண்டிப் பார்ப்பதென்றால் நீதிமன்றம், பொலிஸ் எல்லாம் வேண்டும். கேட்பதா இல்லையா என்று தன் தங்கச்சியோடு கதைத்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னான். கேட்டால் சாட்சிக்கு நான் வருவேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பாப்பம்” என்றான். நம்பாமல் இல்லை. நம்பியும் இல்லை.

மழைக் காற்று. மெழுகுதிரி பற்ற மறுத்தது. குச்சி குச்சியாகக் கிழித்தான். நான் தொப்பியைக் கழற்றி மறைத்தேன், போதவில்லை. கடைசியில் குந்தியிருந்து இரண்டு கையாலும் சுற்றிப் பொத்திப் பிடித்தேன். பற்றியது. அவன் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எதையோ முணுமுணுத்தான். எனக்கு என்ன ஓதுவதென்று தெரியவில்லை. காலில் ஒன்றும் தெரியாத எனக்கு உள்ளங்கையில் சூடு தெரிந்தது. அந்த முழுப் பின்னேரத்திலும் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். திரி முடியும் மட்டும் கையை எடுக்கவில்லை.

அவனுக்கு இன்னும் ஒன்றை நான் சொல்லவில்லை. செருப்புக் கதையை. அவனுடைய அப்பா கடைசியாகக் கதைத்த கதை அது. அது என்னிடமும், கடையில் இருந்து சிரித்த இன்னும் சில கிழவர்களிடமும்தான் இருக்கிறது. நாங்களும் ஒவ்வொருவராக “நல்லவர்” ஆகிக்கொண்டு இருக்கிறோம். அவனுக்கு அது வேண்டுமா, வேண்டாமா? சொன்னால், அதற்கு நான் சிரித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லொறியில் திரும்பி வரும்போது இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் மழையைப் பற்றிச் சொன்னேன்.

நீ தை மாசம் பறக்கிறாய். புத்தி சொல்லும் வயசு எனக்கு, கேட்கும் வயசு உனக்கு இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கே போய்ப் படம் எடுத்தாலும், செய்தவனை மட்டும் கதிரையில் இருத்தாதே. அவன் சொல்லிவிடுவான், அவனுக்கு அது லேசு. பக்கத்தில் டீக் குடித்துக்கொண்டு இருந்தவனைத் தேடு. அவன் உன்னைப் பகிடி பண்ணுவான், சாப்பிட்டாயா என்று கேட்பான், கதிரையைப் பற்றிக் கதைப்பான். விட்டுவிடாதே. நிறுத்தி வைத்துக் கேள், அன்றைக்கு என்னிடம் கேட்டாயே, நீங்க சிரிச்சீங்களா என்று, அப்படி.

பறக்க முன்னம் ஒரு தரம் ஊருக்கு வா. கேமராவைக் கொண்டு வா. அந்தோனியிடம் கேட்டுவிட்டேன், “தம்பி வந்தா வாறன்” என்றிருக்கிறான். எதற்கென்று முழுதாகச் சொல்லவில்லை, செருப்புக் கதையோடு உன் முன்னால் சொல்கிறேன். படத்தை வெளியே விடுவதா, இல்லையா என்பதை அவன் சொல்லட்டும், நீயும் நானும் அல்ல. ஊர் ஏசும். உன் உம்மா என்னோடு கொஞ்ச நாள் கதைக்கமாட்டா, காது ஓய்வெடுக்கும். நீ நின்றுதான் எடுப்பாய், அதனால் இரண்டு கதிரை போதும், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஸ்டோரிலிருந்து நானே துடைத்துக் கொண்டு வருகிறேன்.

அதற்குக் கூலி இல்லை.

வாப்பா